சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு: படகு இன்ஜினில் ஆயில் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

"அண்ணாச்சி, பின் ஆயில்சீல் போச்சு. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்."

திரேஸ்புரம், தருவைகுளம், வேம்பார், புன்னக்காயல் என்று தூத்துக்குடி மாவட்டத்தின் எந்தக் கடற்கரையில் படகு வைத்திருப்பவரைக் கேட்டாலும், இந்தப் பேச்சை ஒரு தடவையாவது காதில் வாங்கியிருப்பார். கேட்டதுமே வயிற்றில் புளியைக் கரைக்கும். ரெண்டு மூணு நாள் தொழில் போகும். மெக்கானிக் கூலி, ஆள் கூலி, சீல் விலை எல்லாம் சேரும். மெக்கானிக் சொல்வது சில நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் கியர்பாக்ஸை இறக்கி, புது சீல் போட்டு, மறுபடி ஏற்றி, முதல் நாள் கடலுக்குப் போய் வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே கறுப்பு ஆயில் சொட்டிக்கொண்டிருக்கும் கதையும் நம் கரையில் உண்டு.

ஏன் அப்படி ஆகிறது? மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். படகில் இன்ஜின் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே இதற்கு விடை இருக்கிறது.

லாரியில் இன்ஜின் ஏறக்குறைய சமமாக உட்கார்ந்திருக்கும். படகில் அப்படி இல்லை. புரொப்பல்லர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்பதால் ஷாஃப்ட் பின்பக்கம் சரிந்து போகிறது. அதோடு சேர்ந்து இன்ஜினும் பின்பக்கம் சரிந்திருக்கும். அதனால் மேலே டேப்பட் கவரிலிருந்து கசிந்தாலும் சரி, பக்கவாட்டில் ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்து கசிந்தாலும் சரி, ஆயில் இன்ஜின் உடம்பை ஒட்டியே பின்பக்கமாக ஓடி, ஃப்ளைவீல் ஹவுசிங் பக்கம் வந்துதான் சொட்டும். கீழே இருந்து பார்ப்பவருக்குப் பின் சீல் போனது போலத்தான் தெரியும். நம் விசைப்படகுகளிலும் பெரிய வள்ளங்களிலும் லாரி, பஸ்ஸுக்கு வந்த இன்ஜினைக் கடலுக்கு ஏற்ப மாற்றி வைத்திருப்பது சகஜம். லாரிப் பட்டறையில் கைதேர்ந்த மெக்கானிக் கூட இந்தச் சரிவை மறந்துவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் கண்ணால் கண்டுபிடிக்கும் வேலை நிறைய இருக்கிறது. அதைப் படகுக்காரரே செய்யலாம். கையில் ஒரு டார்ச், ஒரு செல்போன், கொஞ்சம் பனியன் வேஸ்ட், முகத்துக்குப் போடும் பவுடர் ஒரு டப்பா போதும்.

ஒரு சொட்டு எவ்வளவு?

"சும்மா சொட்டுதான், அப்படியே ஓட்டலாம்" என்று விடுபவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சுமார் 20 சொட்டு ஒரு மி.லி. என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு மணி நேரத்தில் 3600 சொட்டு, அதாவது 180 மி.லி. விடியலில் போய் இரவில் திரும்பும் 14 மணி நேரத் தொழிலில் இரண்டரை லிட்டர். இன்றைய ஆயில் விலையில் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காசு போவதைவிடப் பெரிய ஆபத்து இன்ஜின் பிடித்துக்கொள்வது. ஆயில் மட்டம் இறங்கி, பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தால் பேரிங் தேய்வதற்கு நிமிடக் கணக்குதான். கச்சான் காற்று வீசும் மாதத்தில், கரையிலிருந்து பல மைல் தள்ளி, இன்ஜின் செத்துப்போன வள்ளத்தில் இருப்பது என்ன என்று நம் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னொன்று தீ. சூடான எக்ஸாஸ்ட் பைப் மீது ஆயிலோ டீசலோ தெறித்தால் பற்றிக்கொள்ளும். கசிவு எக்ஸாஸ்ட் பக்கமோ டர்போ பக்கமோ இருந்தால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடவே கூடாது.

முதலில், அது என்ன எண்ணெய்?

படகின் அடியில் தேங்கியிருக்கும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்ததும் "இன்ஜின் ஆயில்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா, டீசலா என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சொட்டு விழும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். டீசல் இன்ஜினில் ஓடிய ஆயில் கறுப்பாக, நடுவில் திட்டாக நிற்கும். டீசல் என்றால் தாளில் அகலமாகப் பரவும், வாடையும் காட்டிக் கொடுத்துவிடும். கியர்பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் கறுத்திருக்காது. சில கியர்பாக்ஸில் சிவப்பு நிற ஆயில் ஊற்றுவார்கள், அது தனியாகவே தெரியும். ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியாக வருவது கியர்பாக்ஸ் ஆயில் என்றால், கிராங்க் சீலை மாற்றி ஒரு பயனும் இல்லை. கியர்பாக்ஸின் முன்சீல்தான் குற்றவாளி.

அடுத்து டிப்ஸ்டிக். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, படகு ஒரு பக்கம் சாயாமல் மிதக்கும்போது பாருங்கள். பார்த்ததை மனசில் வைக்காமல் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து நாள் படத்தை வரிசையாகப் பார்த்தால் கசிவின் வேகம் தானாகத் தெரியும். மட்டம் குறைந்தால் கசிகிறது, அல்லது எரிகிறது. மட்டம் கூடினால் இன்னும் மோசம். டீசலோ தண்ணீரோ உள்ளே போகிறது என்று அர்த்தம். ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்தால் டீசல் பம்ப் டயஃப்ரமையோ இன்ஜெக்ஷன் பம்ப் சீலையோ சந்தேகப்படுங்கள். இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த இன்ஜினை அன்றைக்கு ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

டிப்ஸ்டிக் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. சமமாக நிற்கும் வண்டிக்காக அடித்த கோடு, சரிந்து நிற்கும் படகு இன்ஜினில் தப்பாகக் காட்டலாம். அதை நம்பி அளவுக்கு மேல் ஊற்றினால் சுற்றும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயில் வெளியே வரும். ஆயில் மாற்றும்போது முழுதாக வடித்துவிட்டு, புது ஃபில்டர் போட்டு, இன்ஜின் புத்தகத்தில் சொன்ன அளவை லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றுங்கள். கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, ஆயில் கீழே இறங்கியதும் படகு மிதக்கும் நிலையில் டிப்ஸ்டிக்கில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கே அரத்தால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் படகின் உண்மையான கோடு.

துடைக்காமல் தேடாதீர்கள்

ஐந்து வருஷத்து அழுக்கின் மேல் புதுக் கசிவைத் தேடினால் எல்லா இடமும் கசிவது போலத்தான் இருக்கும். முதல் வேலை சுத்தம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகு, கீழே ஒரு தட்டையோ பழைய சாக்கையோ விரித்து, அழுக்கு கரைக்கும் திரவமோ சோப்புத் தண்ணீரோ போட்டுத் துடையுங்கள். டீசலால் கழுவுவது நம் பழக்கம். ஆனால் டீசல் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு மறுபடி குழப்பும், வாடையும் நிற்கும். அப்படிக் கழுவியே ஆக வேண்டும் என்றால் பிறகு சோப்பு போட்டுக் காய விடுங்கள். ஆல்டர்நேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் மீது தண்ணீர் அடிக்க வேண்டாம்.

காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். டேப்பட் கவரைச் சுற்றி, ஃபில்டர் அடியில், பக்கவாட்டுக் கவர், டைமிங் கவர், ஆயில் சம்ப் (மெக்கானிக்குகள் 'சேம்பர்' என்பார்கள்) விளிம்பு, ஃப்ளைவீல் ஹவுசிங் மேல்பக்கம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் சும்மா ஓட விட்டு, நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் ஒரு கறுப்புக் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே பிடித்துக்கொண்டு போங்கள். கோடு தொடங்கும் இடம், அதாவது நனைந்த இடங்களிலேயே மிக மேலேயும் மிக முன்னாலேயும் இருக்கும் இடம், அதுதான் கசிவு. கீழே சொட்டுவது வெறும் முடிவு.

கை போகாத, கண் எட்டாத இடத்துக்குத்தான் செல்போன். இன்ஜினை நிறுத்திய பிறகு, ஃப்ளாஷை எரியவிட்டு வீடியோவில் வைத்து, ஹவுசிங்குக்கும் பலகைக்கும் இடையில் நுழைத்து மெதுவாக நகர்த்துங்கள். வெளியே எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். போனில் செருகிக்கொள்ளும் ஒயர் கேமரா கடைகளில் கிடைக்கிறது, நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் மெக்கானிக்குக்கு அனுப்பினால், அவர் கரைக்கு வரும்போதே தேவையான பேக்கிங்கோடு வருவார்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. இன்ஜின் ஓடும்போது போனையோ கையையோ பெல்ட் பக்கம் நீட்டாதீர்கள். சாரத்தை மடித்துக் கட்டியபடி, தோளில் துண்டைப் போட்டபடி ஓடும் இன்ஜின் மீது குனியவே கூடாது. பேன்ட்டோ டிரவுசரோ போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கசியும் வேகத்தையும் கவனியுங்கள். ஓடும்போது உடனே வந்து, நிறுத்தியதும் நின்றுவிட்டால் அது அழுத்தத்தில் ஓடும் பக்கம்: ஃபில்டர், பிரஷர் சுவிட்ச், ஆயில் ஹோஸ், கூலர் இணைப்பு, டர்போவுக்குப் போகும் பைப். நிறுத்திய பிறகும் மெதுவாக, இரவெல்லாம் சொட்டினால் சம்ப் பேக்கிங், டிரெயின் நட்டு, சீல் போன்றவை. இந்த ஒரு வித்தியாசமே தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

மூச்சு விட முடியாத இன்ஜின்

நிறையப் பேர் பார்க்காமல் விடுவது இதைத்தான். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிவாயு எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேற பிரீதர் என்று ஒரு குழாய் இருக்கிறது. உப்புக் காற்றும் ஆயில் பிசினும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். நீங்கள் ஒரு சீலை மாற்றுவீர்கள், அது அடுத்த சீலைத் தேடிப் போகும்.

சோதனை எளிது. இன்ஜின் சும்மா ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்தத் துளை மீதே வையுங்கள். லேசாக ஆடினால் சரி. தூக்கி எறிவது போலத் துள்ளினால், புகை குபுகுபுவென வந்தால், உள்ளே அழுத்தம் அதிகம். பிரீதர் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊதிச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அழுத்தம் குறைந்து கசிவும் நின்றால் செலவு ஒரு டம்ளர் மண்ணெண்ணெய்தான். பிரீதர் சுத்தமாக இருந்தும் மூடி துள்ளினால் ரிங், லைனர் தேய்ந்துவிட்டது. அந்த இன்ஜினுக்கு எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. ஓவராலுக்குப் பணம் சேர்க்க வேண்டியதுதான்.

ஆயில் குறைகிறது, எங்கேயும் ஈரம் இல்லை

இது குழப்பமான கேஸ். துடைத்துப் பவுடர் போட்டும் கோடு இல்லை, புகையும் நீலமாக இல்லை, ஆனால் தினமும் ஆயில் குறைகிறது. அப்போது ஆயில் கூலரைச் சந்தேகப்படுங்கள். கடல்தண்ணீரால் குளிரும் கூலரில் ஆயில் ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் ஒரு பக்கம், நடுவில் மெல்லிய குழாய்ச் சுவர். அது அரித்து ஓட்டை விழுந்தால், இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில் தண்ணீர்ப் பக்கம் போய் நேராகக் கடலில் கலக்கும். தண்ணீர் வெளியே விழும் இடத்தில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கும். நிறுத்திய பிறகு இதுவே தலைகீழாகி, உப்புத் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கலாம். அது பேரிங்குக்கு எமன்.

அமைதியான தண்ணீரில், காலை வெயிலில், அந்தத் தண்ணீர் விழும் இடத்தை ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துப் பாருங்கள். படலம் தெரிந்தால் கூலரைக் கழற்றி, பட்டறையில் ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் கூலரைச் சரிசெய்யாமல் படகை இறக்கக் கூடாது.

அவுட்போர்டு மோட்டார் வைத்த ஃபைபர் படகுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குக் கசிவு பெரும்பாலும் கீழே, புரொப்பல்லர் ஷாஃப்ட் சீலில். அறுந்த தூண்டில் நரம்போ வலைக் கண்ணியோ புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுத்துவிடும். மாதம் ஒரு முறை புரொப்பல்லரைக் கழற்றி, நரம்பு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கீழ் கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்து, பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போய்விட்டது, சீலை மாற்றுங்கள்.

இனி ஸ்பேனர்

இடம் தெரிந்துவிட்டால் பழுது பல நேரம் சின்னதுதான். ஆனால் சின்ன வேலையில்தான் தப்பும் அதிகம்.

டேப்பட் கவரில் கசிந்தால் நட்டை இன்னும் இறுக்கத்தான் கை போகும். அதுதான் தப்பு. அதிகம் இறுக்கினால் தகரக் கவரின் துளை ஓரம் உள்ளே குழிந்து, நடுவில் இடைவெளி விழும். கவரைக் கழற்றி, கண்ணாடி மீது வைத்து சமமாக உட்காருகிறதா பாருங்கள். குழிந்திருந்தால் மரக்கட்டை மீது வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்துங்கள். பழைய பேக்கிங்கை முழுதாகச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, புது பேக்கிங் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

சிலிகான் பேஸ்ட் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டியூபையே பிதுக்கி, பேக்கிங்குக்குப் பதிலாக அதையே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது காய்ந்து, புழு போல அறுந்து, சம்பில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் இன்ஜினையே நிறுத்திய கதை ஆகிவிடும். போட வேண்டிய இடத்தில் மெல்லிய பூச்சு போதும்.

ஃபில்டர் மாற்றிய மறுநாளே ஆயில் கொட்டினால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டர் ஏறியிருக்கலாம். கழற்றியதும் விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் இறுக்கினால் போதும். எவ்வளவு சுற்று என்று ஃபில்டரிலேயே அச்சடித்திருப்பார்கள்.

டிரெயின் நட்டிலும் பைப் இணைப்பிலும் இருக்கும் செம்பு வாஷர் ஒரு தடவை இறுக்கியதும் கெட்டிப்பட்டுவிடும். புதிது கிடைக்காத நேரத்தில், கரையில், படகுக்கு வெளியே, அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். துடைத்துப் போட்டுக்கொள்ளலாம். பிரஷர் சுவிட்ச் கசிந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒற்றை ஒயர் சுவிட்ச் என்றால் மரையில் டேப்பை அடர்த்தியாகச் சுற்றாதீர்கள், எர்த் கிடைக்காமல் விளக்கே எரியாது. ஆபத்து நேரத்தில் எரிய வேண்டிய விளக்கு அது. ஆயில் ஹோஸ் வெடித்திருந்தால் தண்ணீர்ப் பைப்பை வெட்டிப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். சூடான ஆயிலின் அழுத்தத்தை அது தாங்காது.

சம்ப் அரித்துத் துளை விழுவது கடல் இன்ஜினுக்கே உரிய நோய். அடியில் தேங்கும் உப்புத் தண்ணீர் சம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் தகரம் எத்தனை நாள் தாங்கும்? ஆயிலை வடித்து, துருவைச் சுரண்டி, பிசுக்கு இல்லாமல் துடைத்து எம்-சீல் வைத்தால் கரை சேரலாம். அதைத் தற்காலிகம் என்று நினைவில் வைத்திருங்கள். "கசிவை நிறுத்தும் மருந்து" என்று டப்பாவில் விற்பதும் அந்த ரகம்தான். காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும். கிழிந்த சீலையோ துளை விழுந்த சம்பையோ அது ஒன்றும் செய்யாது.

எல்லாம் பார்த்தாயிற்று, பிரீதர் சுத்தம், மேலே எங்கும் ஈரமில்லை, ஹவுசிங் துளையில் வருவது கறுப்பு இன்ஜின் ஆயில்தான் என்றால், சரி, பின் சீல்தான். இப்போது கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள், மனசாரச் செலவு செய்யலாம். அப்போதும் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய சீல் உரசிய இடத்தில் கிராங்கில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டினால் புது சீல் அதே பள்ளத்தில் உட்காராதபடி கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும், அல்லது மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும். இரண்டாவது, கப்ளிங். கழற்றும் முன் இரண்டு பாதியிலும் கோடு போட்டு, படமும் எடுத்து வையுங்கள். திரும்ப மாட்டியதும் ஃபீலர் கேஜ் வைத்துச் சுற்றிலும் இடைவெளி பார்க்க வேண்டும். 100 மி.மீ. அகலக் கப்ளிங்குக்கு மேலும் கீழும் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்கலாம். இதைக் கடைசியாகப் பார்க்க வேண்டியது படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான். கரையில் ஏற்றி வைத்த மரப்படகின் உடம்பு தண்ணீரில் இறங்கியதும் கொஞ்சம் மாறும். கரையிலேயே முடித்துவிட்டால், கோணலாகச் சுற்றும் ஷாஃப்ட் சில மாதத்தில் கியர்பாக்ஸ் சீலையும் தின்றுவிடும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. பெரிய வேலைகளை அந்த நாட்களில் வைத்துக்கொள்வது வழக்கம். அது முடியும் வாரத்தில் எல்லாப் பட்டறையிலும் கூட்டம் நெரியும். அதனால் தேடும் வேலையை ஏப்ரல் தொடங்கும் முன்பே, இன்ஜின் தினமும் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுங்கள். ஓடாத இன்ஜினில் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது.

கடலில் வைத்து விளக்கு எரிந்தால்

பிரஷர் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். "கரை தெரியுது, போயிரலாம்" என்று ஓட்டியவர்கள் கிராங்க்கை மாற்றியிருக்கிறார்கள். நங்கூரம் போடுங்கள், டிப்ஸ்டிக் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி, எங்கிருந்து கொட்டுகிறது என்று பார்த்து, கட்ட முடிந்ததைக் கட்டி, மெதுவாகத் திரும்பலாம். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், பக்கத்துப் படகைக் கூப்பிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் போனில் பெயரோடு பதிந்து வையுங்கள். படகில் 5 லிட்டர் ஆயில் கேன், ஒரு ஃபில்டர், இரண்டு ஹோஸ் கிளிப், சில செம்பு வாஷர் எப்போதும் இருக்கட்டும்.

சங்குகுளிக்கப் போகும் வள்ளங்களில் இன்னொரு கவனம் வேண்டும். கம்ப்ரசர் மூலம் கீழே ஆளுக்குக் காற்று போகிறது என்றால், பிரீதர் புகையோ எக்ஸாஸ்ட் புகையோ கம்ப்ரசர் காற்று இழுக்கும் வாய்ப்பக்கம் போகக் கூடாது. இன்ஜினில் புகை அதிகமாக வரும் வள்ளத்தில் ஆளை இறக்காதீர்கள்.

அடித்தண்ணீரில் கலந்தது எங்கே போகிறது?

பம்ப் போட்டு இறைத்தால் படகு சுத்தமாகிவிடும். ஆனால் அந்த ஆயில் நம் தொழில் நடக்கும் தண்ணீரில்தான் மிதக்கும். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி ஆகியவை இருக்கும் கடல் சாதாரணக் கடல் இல்லை. மன்னார் வளைகுடா 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பவளமும் கடற்புல்லும் மீன்குஞ்சு வளரும் தொட்டில்கள். தொலையிரம் பார் போன்ற முத்துப்பார்களும் இந்தக் கடலில்தான் இருக்கின்றன. 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் இங்கே கடைசி முத்துக்குளிப்பு. முத்துச்சிப்பி அழிந்துவிடவில்லை. அதன் குஞ்சு பாரில் ஒட்டிக்கொள்ளும் முன் சுமார் மூன்று வாரம் தண்ணீரில் மிதந்து திரியும். அந்தப் பருவத்தில் அதன் ஓடு மிக மெல்லியது, ஓடித் தப்பிக்கும் வலுவும் இல்லை. முத்துச்சிப்பி குறைந்ததற்கு ஆயில்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்துக்குள் மேலே நாம் இறைப்பது அதற்கு நல்லது செய்யாது.

ஆயில் மிதப்பது தெரியாமல் இருக்க சோப்புத் தூள் கொட்டி இறைக்கும் வழக்கம் உண்டு. படலம் கண்ணுக்கு மறையும். ஆயில் மறையாது, பொடிப்பொடியாகித் தண்ணீருக்குள் கலக்கும். மீனுக்கும் குஞ்சுக்கும் அது இன்னும் கேடு. அதற்குப் பதிலாக இன்ஜினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வையுங்கள். கசிவது அங்கேயே நிற்கும். அடித்தண்ணீரில் கலந்துவிட்டால், பம்ப் போடும் முன் எண்ணெய் உறிஞ்சும் துணியையோ பனியன் வேஸ்ட்டையோ மேலே மிதக்கவிட்டு ஆயிலை எடுத்துவிடுங்கள். பம்ப் தானாக ஓடும் படகுகளில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும், நீங்கள் தூங்கும்போது அது இறைத்துவிடும்.

வடித்த பழைய ஆயில், ஊறிய பனியன் வேஸ்ட், பழைய ஃபில்டர் மூன்றையும் கரையில் கொட்டவோ எரிக்கவோ கூடாது. 2016-ம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் பழைய ஆயிலைத் திரும்பப் பெறுவதில் பொறுப்பு சட்டப்படி வந்திருக்கிறது. ஒரு படகின் பத்து லிட்டருக்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். ஒரு சங்கமே ஒரு மூடி போட்ட டிரம் வைத்து, பத்துப் பதினைந்து படகின் ஆயிலைச் சேர்த்தால் எடுக்க ஆள் வருவார்கள். மாவட்டத்தில் யார் பதிவு பெற்றவர் என்பதைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். டிரம்மில் தண்ணீரோ டீசலோ கலக்காமல் பார்த்துக்கொண்டால் நல்ல விலையும் கேட்கலாம்.

கடைசியாக ஒரு செல்போன் வேலை. இன்ஜின் சுத்தமாக இருக்கும் இந்த நேரத்திலேயே இன்ஜின் எண் தகட்டைத் தெளிவாகப் படம் எடுத்து, பதிவுச் சான்றின் படத்தோடு சேர்த்து வையுங்கள். உதிரிபாகக் கடையில் சரியான பேக்கிங் கேட்கவும், மீன்வளத் துறையினர் ஆய்வுக்கு வரும்போது காட்டவும் உதவும். ஓவராலுக்குப் பதிலாக வேறு இன்ஜினே மாற்றுவதாக முடிவு செய்தால், மாற்றுவதற்கு முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லி, புது எண்ணைப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவில் ஒரு எண்ணும் படகில் வேறு எண்ணுமாக இருந்தால் மானிய டீசல் வாங்கும் இடத்தில் சிக்கல் வரும்.